முப்பதாம் தேதி வரைக்கும்

ஜூன் 2, திங்கள்

நூல் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. முதல் ஐந்து மாதப் பக்கங்களும் வெள்ளையாகக் கிடக்கின்றன. அந்த ஐந்து மாதம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால் நறுமுகையைத் தூக்கிக் காட்ட வேண்டியதுதான்.

இன்று வேலைக்குத் திரும்பினேன். கிளம்பும்போது முகை மாமாவின் தோளில் இருந்தாள். அழவில்லை. கொஞ்சம் அழுதிருக்கலாம். தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினேனா என்று திரும்பி வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி போனேன், மறுபடி வந்தேன். மூன்றாவது முறை மாமா வாசலிலேயே நின்றுகொண்டு, "சின்னக்கண்ணு, கேஸை நாம மூடியாச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. பஸ்ஸு போயிரும்னு சொல்லு" என்றார்.

புது டைரிக்கு யாரையும் தெரியாது. சொல்லி வைக்கிறேன். மாமா என் மாமனார். பெயர் சென்னியப்பன். அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். அத்தை தவறி நான்கு வருடமாகிறது. என் வீட்டுக்காரர் பூபதிக்கு ஓசூரில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு முறை திருப்பூர் வருவார். என் அம்மாவால் கரூரில் அப்பாவின் கட்டிலை விட்டு அசைய முடியாது. ஆகவே ஐந்து மாதக் குழந்தையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள இருப்பது ஒரு கண்டக்டர்தான்.

அவர் என்னிடம் நேராகப் பேச மாட்டார். கோபமெல்லாம் இல்லை. மருமகளிடம் முகம் பார்த்துப் பேசுவது அவருக்குக் கூச்சம். முன்பு பூபதி வழியாகப் பேசினார், இப்போது முகை வழியாக.

எனக்கு நானே ஒரு கெடு வைத்திருக்கிறேன். இருபத்தெட்டாம் தேதி முகைக்கு எடை பார்க்க வேண்டும். போன மாதம் 5.9 கிலோ. ஏறியிருந்தால் வேலையில் இருப்பேன். ஏறவில்லையென்றால் முப்பதாம் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பூபதியிடம் சொல்லவில்லை. சொன்னால், "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்பார். எனக்கு எதுவும் சரியென்று படாத நேரத்தில் அதைக் கேட்க முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

மதியம் எடுத்த பால் 150 மி.லி. நேற்று 160.

ஜூன் 5, வியாழன்

ஆபீஸைப் பற்றி எழுத வேண்டும். குழந்தைகளுக்கான பனியன் துணிகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. நான் மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் தையல் தளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். எனக்குப் பிடித்த உத்தியோகம்.

மதியம் ஒன்றேகாலுக்கு எங்கள் மேஜையில் பத்து டப்பாக்கள் ஒன்றாகத் திறக்கும். அவரவர் டப்பாவை நடுவில் தள்ளிவிட்டு அடுத்தவர் டப்பாவிலிருந்துதான் முதல் வாய் எடுக்க வேண்டும். தன் டப்பாவைத் தானே தின்கிறவள் யாருடனோ சண்டை போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். நானும் நஸ்ரினும் ஐந்து வருடம் அப்படித்தான் சாப்பிட்டோம். அவள் டப்பா எனக்கு, என் டப்பா அவளுக்கு.

இப்போது அந்த அரைமணி நேரம்தான் எனக்குப் பால் எடுக்கக் கிடைக்கிறது. மேஜையில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் ஆண்கள். எப்படிச் சொல்வது? மாடல் துணிகள் தொங்கும் சாம்பிள் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். போனில் முகையின் வீடியோவைப் பார்த்தால்தான் பால் இறங்குகிறது. பாட்டிலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் கைப்பைக்குள் ஒளிக்கிறேன். சாப்பிட நேரம் இருப்பதில்லை. பசியும் இல்லை.

நான் இல்லாத ஆறு மாதத்தில் என் ஆர்டர்களை நஸ்ரின் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்காகத்தான் நான் மேஜைக்கு வருவதில்லை என்று அவள் நினைக்கிறாளோ என்னவோ. இன்று, "என்னடி, பெரிய ஆளாயிட்டியா?" என்றாள். சிரித்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

வீட்டில் மாமா ஒரு நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். நேரம், ஏறியது, இறங்கியது, குறிப்பு. "11.10. ஏறியது 90 மி.லி. இறங்கியது: ஒன்று, மஞ்சள். குறிப்பு: கருவலூர் தாண்டித் தூக்கம்." அவளைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே தான் ஓடிய தடத்தின் நிறுத்தங்களைச் சொல்கிறார். பூண்டி, அவிநாசி, கருவலூர், அன்னூர். மேட்டுப்பாளையம் வரைக்கும் அவள் ஒரு நாளும் போனதில்லையாம்.

ஜூன் 7, சனி

பக்ரீத் லீவு. பூபதி வந்தார். முகை அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. "பதினஞ்சு நாள்ல என்னை மறந்துட்டாளா?" பிறகு அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்.

"நீ எளச்சுட்டே" என்றார் என்னிடம்.

"புள்ள பெத்தா எளைக்கத்தான செய்வாங்க."

நன்றாகத்தான் இருக்கிறேன். முடி கொட்டுவது எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஜூன் 9, திங்கள்

நஸ்ரின் பெரிய தூக்கில் பிரியாணி கொண்டு வந்திருந்தாள். காலையிலேயே சொல்லிவிட்டாள், "இன்னைக்கு நீ வராம இருந்தா பாரு." போன வருடம் இரண்டாம் தடவை வாங்கித் தின்றவள் நான்.

ஒன்றேகாலுக்கு மார்பு கல்லாகக் கனத்தது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் கரண்டியோடு நின்று பார்த்தாள். "அஞ்சு நிமிஷம்" என்றேன். திரும்பி வந்தபோது தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். எனக்கென்று எடுத்து வைக்கவில்லை.

இன்றைக்கு 120 மி.லி.

ஜூன் 11, புதன்

இரவில் மூன்று முறை எழுந்து முகையின் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

மேனேஜர் சம்பத் சார் கூப்பிட்டார். எதிரில் உட்காரச் சொல்லி, கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார்.

"எந்தக் கம்பெனிம்மா?"

"என்னங்க சார்?"

"பேரு வேண்டாம். அவிநாசி ரோடா, காங்கேயம் ரோடா? அத மட்டும் சொல்லு."

எனக்குப் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. இந்த ஊரில் மெர்ச்சண்டைசர் ஒருத்தி மதிய வேளையில் போனோடு ஒரு ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டால் அடுத்த கம்பெனிக்காரனோடு பேசுகிறாள் என்றுதான் அர்த்தம். போன வருடம் ஒருவன் அப்படித்தான் ஒரு சீசன் டிசைன் முழுவதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். எங்கள் சீனியர் வளர்மதி அக்காதான் என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

'சார், நான் பால் எடுக்கிறேன்.' நான்கு வார்த்தை. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பழனி முருகனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 

"சரி, யோசிச்சுச் சொல்லு. அதுவரைக்கும் சாவி வளர்மதிகிட்ட இருக்கட்டும். குளிர்கால டிசைனெல்லாம் உள்ள கெடக்குது."

வெளியே வந்தேன். மேஜையில் யாரும் தலை நிமிரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பேனா அழுந்திப் பக்கம் கிழிகிறது. கோபத்தில்தான்.

துணி மடிக்கும்போது மாமாவின் நோட்டு கீழே விழுந்தது. முன்பக்கம் முகையின் கணக்கு. கடைசிப் பக்கங்களில் சிவப்பு மையில் இன்னொன்று. தலைப்பு: அம்மிணி. அதாவது நான்.

"3. காலை காப்பி மட்டும். டப்பா பாதி மீதி.
5. டப்பா முழுசும் மீதி.
9. டப்பா முழுசும் மீதி. ராத்திரி தோசை ஒன்று.
11. ராத்திரி 1.00, 2.15, 3.30. எழுந்து பிள்ளை மூச்சு பார்த்தது.
12. கேஸ், நான்கு தடவை.
13. வந்து பாத்ரூமில் முக்கால் மணி. தண்ணீர்ச் சத்தம் இல்லை."

செக்கிங் இன்ஸ்பெக்டரைக் கண்டு முப்பத்தொரு வருடம் பயந்த மனிதர் என்னை வீட்டுக்குள் செக்கிங் பண்ணுகிறார். எனக்கு மெமோ தயாராகிறது. பூபதி வந்ததும் காட்டுவார். இவளுக்கு வேலையும் ஓடவில்லை, பிள்ளையும் ஓடவில்லை, நிறுத்திவிடு என்பார்.

பூபதிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"அப்பா அப்படி நெனைக்கறவரு இல்ல பிருந்தா."

"உங்கப்பாவுக்குத்தான் பேசுவீங்க."

"சரி, அதுல எழுதியிருக்கறது பொய்யா?"

போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

மாமா சாயங்காலம் முழுக்க வாசலிலேயே முகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டை அவர் கட்டிலிலேயே திருப்பி வைத்தேன், சிவப்புப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி.

ஜூன் 16, திங்கள்

ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டே எடுத்தேன். வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 70.

ஜூன் 17, செவ்வாய்

60. மாமா முகையிடம்கூட என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

55. எடை ஏறாது. எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாள் காத்திருப்பதே வீண். பவுடர் பால் டப்பா ஒன்று வாங்கி வந்து அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், திருட்டுப் பொருள் மாதிரி. முகை தூங்கும்போது பார்த்தால் இவளுக்கு நான் யாரோ என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியதை எழுதியிருக்கக் கூடாது. நாளைக்கு ஊறப்போட்ட அரிசி அரைக்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

நீளமாக எழுத வேண்டிய நாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு வாடிக்கையாளரோடு வீடியோ கால். சம்பத் சார், வளர்மதி அக்கா, நஸ்ரின், நான், பக்கத்து மேஜை ஆண்கள் இரண்டு பேர். சட்டையும் டிராயரும் ஒன்றாகத் தைத்த புது ரோம்பர் ஒன்றை நான்தான் திரைக்கு முன் தூக்கிக் காட்ட வேண்டும். மூன்றிலிருந்து ஆறு மாத அளவு. மஞ்சளில் குட்டி யானைகள். தோளில் இரண்டு பட்டன், அது முகையின் தோள் அகலம். புதுப் பருத்தி வாசனை. கையில் பிடித்தேன், அவ்வளவுதான். காலையிலிருந்து பாத்ரூமுக்குப் போய்ப் பால் எடுக்க முடியாமல் இருந்தது வேறு. இரண்டு பக்கமும் சுரந்து சுடிதார் நனைந்தது. இளநீல நிறம். ஒளிக்க வழியில்லாத நிறம்.

திரையில் வெள்ளைக்காரர்கள், பின்னால் ஆண்கள். ரோம்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரமாக நின்றேன். அது ஒரு சாண் துணி.

அப்போது என் தோள் மேல் ஏதோ விழுந்தது. மஞ்சள் துணி, மூன்று மீட்டர் இருக்கும். நஸ்ரின் அதைப் புடவைக் கடைக்காரர் மாதிரி என் கழுத்திலிருந்து இடுப்பு வரை விரித்துப் போட்டு, நாலு மடிப்பு வைத்து, கேமராவைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள், முழுத் துணியில் பார்த்தால்தான் இந்த மஞ்சள் தெரியும் என்று. வெள்ளைக்காரி, ஆகா, அருமை என்றாள். அந்த மஞ்சளுக்கு அப்போதே சரி சொல்லிவிட்டாள். மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த நிறம்.

துணியோடு துணியாக என்னை நகர்த்திப் பாத்ரூமுக்குக் கொண்டு போனாள். கைப்பையிலிருந்து நான் பால் எடுக்கும் பம்ப்பை எடுத்ததைப் பார்த்தாள்.

"இதுக்காடி சாம்பிள் ரூமு?"

தலையாட்டினேன்.

"லூசு. லூசு. சுத்த லூசு." என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வலித்தது. "நான் உன்ன மனசுக்குள்ள என்னவெல்லாம் திட்டிட்டேன் தெரியுமா?"

"ஆர்டரு உனக்குக் குடுத்துட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டேன்னா?"

"அது முத வாரம். அப்பறம் பிரியாணி அன்னைக்கு, புள்ள பெத்ததும் எங்க வீட்டுச் சாப்பாடு ஆவாமப் போச்சுன்னு. ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அழுதேன்டி."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவள் கதவில் சாய்ந்துகொண்டு வேறு குரலில் சொன்னாள், "என் சின்னவனுக்கு நான் ரெண்டே மாசத்துல நிறுத்திட்டேன். பால் வத்திருச்சுன்னு எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். வத்தலைடி. எடுக்க எடமில்ல. நீயும் அப்ப பக்கத்து சீட்டுலதான் இருந்தே."

ஆமாம், பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். அப்போது நான் எதையும் பார்க்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் வளர்மதி அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் எல்லாருக்கும் அவரிடம் பயம்.

"சார்கிட்டச் சொன்னது நாந்தான் புள்ள. நஸ்ரின் சொன்னா. நேத்துத் தூக்கமே இல்ல." ஒரு சாவியை என் கீபோர்டு மேல் வைத்தார். "வா."

தளத்தின் கடைசியில் ஆடிட் ரூம் என்று ஓர் அறை. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும் திறப்போம். மற்ற நாளில் அதற்குப் பூட்டு. எல்லாரும் அதை அப்படித்தான் சொல்கிறோம், ஆடிட் ரூம். நஸ்ரினும் கூட வந்தாள். வளர்மதி அக்கா திறந்தார். சுவரில் ஒட்டகச்சிவிங்கி. தரையில் பஞ்சுப் பாய். ஐந்து தொட்டில்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். ஒரு மூலையில் திரைச்சீலைக்குப் பின்னால் கை வைத்த நாற்காலி, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிரிட்ஜ். கதவின் உள்பக்கம் பலகை: குழந்தைகள் காப்பகம் மற்றும் தாய்மார் அறை.

மூன்று பேரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். இந்தப் பலகையை மூன்று வருடத்துக்கு முன்பு அச்சுக்குக் கொடுத்ததே நான்தான். எழுத்துப் பிழை பார்த்து. ஒரு நாளாவது இங்கே வந்து உட்காரலாம் என்று தோன்றவே இல்லை.

"ஆடிட் அன்னைக்கு நாந்தான் ஆயா" என்றார் அக்கா. "ஏப்ரன் கட்டி உக்கார வைப்பாங்க. தையல் செக்‌ஷன்ல இருந்து ரெண்டு புள்ளைங்கள எரவல் வாங்கிட்டு வருவாங்க. ஆடிட்டரு படியெறங்கறதுக்குள்ள புள்ளைங்களயும் திருப்பிக் குடுத்துருவாங்க."

"சாருக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"தெரியட்டும். ஆயா நானு. என் ரூம்ல யாரு இருக்கணும்னு நாந்தான் சொல்லணும்."

ஜூன் 23, திங்கள்

110.

நான் திரைச்சீலைக்குப் பின்னால். வெளியே பஞ்சுப் பாயில் நஸ்ரினும் வளர்மதி அக்காவும் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு. கதவு பூட்டியிருக்கிறது. எனக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கிறது.

"வாயத் தொற" என்று திரையின் நடுவிலிருந்து ஒரு கை மட்டும் வந்தது. கத்தரிக்காய்ச் சோறு.

"நஸ்ரின், வேண்டாம்டி."

"தொறக்கறியா, உள்ள வரட்டா?"

திறந்தேன். அடுத்த கை வளர்மதி அக்காவுடையது. வளையல் இல்லாத கை. தயிர்ச் சோறும் மாங்காய் ஊறுகாயும். ஊறுகாய்க் காரத்தில் கண்ணில் தண்ணீர். ஊறுகாய்தான்.

ஜூன் 24, செவ்வாய்

தையல் தளத்திலிருந்து ஈஸ்வரி என்று ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். நான்கு மாதக் குழந்தையாம் அவளுக்கு. "இங்க எடம் இருக்குதுன்னு சொன்னாங்க" என்றாள். வளர்மதி அக்கா ஒரு தொட்டிலின் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

ஜூன் 28, சனி

முகைக்கு எடை. மாமாவும் வந்தார். தோளில் முகை, கையில் அந்த நோட்டு. இரண்டு வாரமாக அவரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பும் பேசியதில்லைதான், ஆனால் அது வேறு.

6.6.

டாக்டரம்மா இரண்டாம் முறை போட்டும் 6.6. "ரொம்ப நல்லா இருக்கா" என்றார். என் கெடுப்படி நான் வேலையில் இருக்கலாம். ஒரு சந்தோஷம் வர வேண்டும் இல்லையா? காத்திருந்தேன். வரவில்லை. சந்தோஷம் வரவில்லையே என்று வேறு பயமாக இருந்தது.

மாமா நகரவில்லை. முகையிடம் குனிந்து, "சின்னக்கண்ணு, டாக்டரம்மாகிட்டக் கேளு, பெரியவங்க ஏறுற மிசினு இருக்குதான்னு. உங்கம்மாளையும் ஒருக்கா..."

"ஐயா, குழந்தை பேசாது. நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மாமா நோட்டைப் பின்பக்கம் திருப்பினார். எழுந்து நின்றுகொண்டு, சிவப்பு மையில் இருந்ததையெல்லாம் தேதி வாரியாக வாசித்தார். கேஸ் ஐந்து தடவை. ராத்திரி நாலு தடவை. டப்பா மீதி. டப்பா மீதி. இருபத்து மூன்றாம் தேதி, "டப்பா காலி. சாமிக்கு நன்றி."  நான் மெமோ என்று நினைத்த நோட்டு.

பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். கல்யாணம் ஆகி மூன்று வருடத்தில் முதல் தடவை.

"அம்மிணி, இதுல ஏறு சாமி."

ஏறினேன். 43. கல்யாணத்தின்போது 55.

டாக்டரம்மா மாமாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் சில கேள்விகள் கேட்டார். தூக்கம், பசி, பயம். குழந்தையைப் பார்க்கையில் என்ன தோன்றும் என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் இந்த டைரியில் பதினெட்டாம் தேதியில் இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. "நிறைய அம்மாமார் இதே நாற்காலியில் உக்காந்து இதையே சொல்லியிருக்காங்க" என்றார். ஒரு சீட்டில் வேறொரு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை.

வீட்டுக்கு வரும் வழியில் மாமா மறுபடி முகையிடமே பேசினார். ஆனால் என் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜூன் 30, திங்கள்

முப்பதாம் தேதி.

காலையில் அம்மா போனில், "அந்த வேலையாலதான்டி இத்தனையும். உட்டுட்டு வீட்டுல இரு" என்றாள். பாதி வழி வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன். எடை ஏறியாயிற்று, ஆனால் 43க்கு நான் கெடு எதுவும் வைத்திருக்கவில்லையே. சம்பத் சார் அறைக்கு வெளியே நின்றேன். எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நின்றேன்.

அவரே பார்த்துவிட்டார். "வாம்மா. சொல்லு. முடிவு பண்ணிட்டியா?"

"சனிக்கிழம லீவு வேணுங்க சார்."

"இன்டர்வியூவா?"

"டாக்டருங்க சார்."

"கொழந்தைக்கா?"

"எனக்குங்க."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "வளர்மதி எல்லாம் சொல்லிச்சு. அதயும் நம்பாம இருந்த நான் ஒரு மடையன்" என்றார்.  "பரவாயில்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

பூபதியிடம் எல்லாம் சொன்னேன்.  லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன்" என்றார். "இனி வாரா வாரம் வர்றேன். நீ சாப்பிட்டேன்னு சொன்னா நானும் நம்பிட்டு வெச்சிடுவேன் பாரு. அது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு."

ஜூலை 5, சனி

அந்த டாக்டரின் அறைக்கு வெளியே நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, "கூட வந்தவங்க யாரு?" என்றாள்.

மூன்று பேர் எழுந்தார்கள். பூபதி. முகையோடு மாமா. நஸ்ரின்.

"ஒருத்தர்தாங்க உள்ள வரலாம்."

"நான் வீட்டுக்காரர்" என்றார் பூபதி.

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வர்றவரு நீங்க. நான் தெனம் பாக்கறேன் அண்ணா" என்றாள் நஸ்ரின்.

"எழுதி வெச்சிருக்கறது நானு" என்றார் மாமா. "ஏம்மா நர்சு, ரெண்டு பேரு சீட்டுல நாலு பேர உக்கார வெச்சு மேட்டுப்பாளையம் வரைக்கும் கூட்டிட்டுப் போனவன் நானு. கொஞ்சம் தள்ளி உக்காந்தா எல்லாருக்கும் எடம் இருக்கும்."

எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டாள். நான் சிரித்தேன். சத்தமாகவே வந்துவிட்டது. பூபதி என்னையே பார்த்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி. முதலில் எல்லாரையும் பேச விட்டார், அப்புறம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பேச விட்டார். நாற்பது நிமிடம். என்ன பேசினேன் என்று இங்கே எழுதவில்லை. பிள்ளை பெற்ற பிறகு வருகிற இந்த மனச்சோர்வைத் தனியாக வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது, ஆனால் இது குணமாகும் என்றார். பால் கொடுக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரை ஒன்று. இரவில் ஒரு பாட்டில் வேறு யாராவது கொடுக்க வேண்டும், பவுடர் பாலானாலும் சரி, எனக்குத் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரத் தூக்கம்.

கடைசியில், கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன். "வேலைய விட்டுறட்டுங்களா?"

"பகல்ல உங்களுக்குக் கொஞ்சமாவது மூச்சு விடற மாதிரி இருக்கற நேரம் எது?"

யோசிக்கவே இல்லை. "ஒண்ணேகால் மணி."

"அப்ப அதை எதுக்கு விடணும்?"

வெளியே வந்து சொன்னேன். ராத்திரிப் பாட்டிலை யார் கொடுப்பது என்று வாசலிலேயே தகராறு ஆரம்பித்தது. வார நாளில் மாமா, சனி ஞாயிறு பூபதி என்று முடிவாயிற்று. அலமாரிக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து அடுப்படி மேடைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

வேலைக்குப் போனேன். கேஸை இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றேகாலுக்கு ஆடிட் ரூமில் நான்கு பேர், இரண்டு திரை. ஈஸ்வரி கொண்டு வந்த கொள்ளுத் துவையலை எனக்கு முன்பே நஸ்ரின் வழித்துத் தின்றுவிட்டாள். பால் எத்தனை மி.லி. என்று பார்க்க மறந்துவிட்டேன். சாயங்காலம் முகை முதல் தடவையாகக் குப்புற விழுந்து, திரும்ப வழி தெரியாமல் கத்தினாள். மாமா நோட்டை எடுத்து ஓடி வந்தார்.

இப்போது மணி ஒன்பதரை. பக்கத்து அறையில் அவர் அவிநாசியைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். எழுத இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது.